காய்ந்த தவிடு

அந்த வீட்டில் அன்றைய பொழுது எப்படிப் போகும் என்பது கழிவறைக் கதவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உள்ளே போனவர் சீக்கிரம் கதவைத் திறந்து, ஏதோ ஒரு பழைய பாட்டை முனகிக்கொண்டு வெளியே வந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் நல்ல நாள். உள்ளே ரேடியோவில் செய்தி முடிந்து, விளம்பரமும் முடிந்து, மறுபடி செய்தி தொடங்கிய பிறகு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாரானால் தொலைந்தது. சட்டையில் பட்டன் இல்லை, ரொட்டியில் சூடு இல்லை, பக்கத்து வீட்டு நாய் ஓயாமல் குரைக்கிறது, எல்லாவற்றுக்கும் பெண்டாட்டிதான் காரணம். ஒரு மனுஷனுடைய குடல் ஒரு வீட்டையே ஆட்டிவைக்குமா என்று கேட்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பல வீடுகளில் ஆட்டிவைக்கத்தான் செய்கிறது, வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெண்டாட்டிக்கு வேலை செய்யும் இடத்தில் ‘சல்லடை’ என்று பெயர். மாவு மில்லில் சல்லடைப் பிரிவில் நிற்கிறாள் என்பது ஒரு காரணம். காதில் விழுந்த எதுவும் அவள் வாயில் தங்காது என்பது இன்னொரு காரணம். மில்லில் யாருக்கு யார் மேல் கண், யார் வீட்டில் மாமியார் கோபித்துக்கொண்டு போனாள், எந்த மேஸ்திரிக்குப் பல் செட்டு, எல்லாம் அவள் மூலமாகத்தான் சாப்பாட்டு நேரத்துக்குள் ஊர்சுற்றும். அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். கள்ளங்கபடம் கிடையாது. ரகசியம் என்று ஒன்று இருந்தால் அதைப் பத்துப் பேரிடம் பகிர்ந்துகொள்வதுதான் மரியாதை என்று நினைத்த ஜென்மம்.

கோதுமை அரைபட்டு மேல்தளத்திலிருந்து இறங்கும். பெரிய சல்லடைகள் ஆடிக்கொண்டே இருக்கும். வெள்ளை மாவு ஒரு பக்கம் போகும். தவிடு இன்னொரு பக்கம் தகரக் குழாய் வழியாக மூட்டையில் விழும். அந்தக் குழாய் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. மழைக்காலத்தில் ஈரம் ஏறிவிட்டால் தவிடு ஊதிப்போய்க் குழாயில் அடைத்துக்கொள்ளும். மரச் சுத்தியால் தட்ட வேண்டும், அசையாவிட்டால் கம்பியை விட்டுக் குத்த வேண்டும், அதற்கும் மசியாவிட்டால் குழாயையே கழற்ற வேண்டும். அந்தப் பக்கம் தண்ணீர் பாட்டிலோடு வந்தவர்களை மேஸ்திரி நாயை விரட்டுவதுபோல் விரட்டுவார். புதிதாகச் சேர்பவர்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான். “காஞ்ச தவிடு தானா ஓடும்மா. நனைஞ்சுதோ, போச்சு, அடைச்சுக்கும்.”

கதை முழுக்க அந்த ஒரு பேச்சில்தான் கெட்டது. அந்த விஷயத்துக்கு அப்புறம் வருவோம்.

அவள் புருஷன் கிரேன் ஓட்டுபவர். உயரமான கட்டடங்கள் எழும் இடத்தில், அந்தக் கட்டடத்தைவிட உயரமாக நிற்கிற இரும்புக் கோபுரத்தின் உச்சியில் கண்ணாடிக் கூண்டு ஒன்று இருக்குமே, அதற்குள் உட்கார்ந்திருப்பவர். காலையில் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். மேலே கழிவறை கிடையாது. மற்ற கிரேன்காரர்கள் ஒரு காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு போவார்கள். இவருக்கு அது கௌரவக் குறைச்சல். அதனால் விழித்ததிலிருந்து இறங்கும் வரை தண்ணீர் ஒரு வாய் குடிக்க மாட்டார். கீழே வேலை செய்பவர்கள் அவரை ‘ஒட்டகம்’ என்பார்கள். அதை ஏதோ பட்டம் வாங்கியதுபோல் வீட்டில் வந்து சொல்வார். எத்தனை வருஷ சர்வீஸ், ஒரு தடவைகூட வேலை நடுவில் இறங்கியதில்லை என்பார். மெச்சிக்கொள்ள வேறு விஷயமே கிடைக்கவில்லையா இந்த ஆம்பளைகளுக்கு!

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வெளியில் பச்சைத் தண்ணீர் தொடாத அந்த மனுஷன் வெளியில் ஒரு கவளமும் தொட்டதில்லை. கல்யாணமான புதிதில் அவள் சுட்ட ரொட்டியைத் தின்றுவிட்டு, “இனிமே எனக்கு உன் கையால மட்டும்தான்” என்று சொன்னார். சொன்னவர் சொன்ன சொல்லில் நின்றார். கூட வேலை செய்பவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பசியோடு திரும்பி வந்து, “போடு” என்று அடுக்களையில் உட்காருவார். அவளுக்கு நகை நட்டு என்று பெரிதாக இல்லை, பிள்ளை குட்டியும் இல்லை. தன் கையால் போட்டதை மட்டுமே அவர் தின்பதுதான் அவளுக்கு எல்லாம்.

மலச்சிக்கல் முற்றியதும் ஒரு தடவை மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். அது காலையில் வேலை செய்யவில்லை. நடுப்பகலில், கொக்கியில் கம்பிக்கட்டு தொங்கிக்கொண்டிருக்கும்போது, கீழே ஆட்கள் நிற்கும்போது, வேலை செய்ய ஆரம்பித்தது. சுமையைக் கீழே வைக்கும் வரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் நேரே குழாயடிக்குப் போனார். துணியைத் தானே துவைத்தார். அதற்கப்புறம் மாத்திரை என்றாலும் சூரணம் என்றாலும் எண்ணெய் என்றாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்.

அவள்தான் சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸிடம் கேட்டாள். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்கள். “நார்ச்சத்து வேணும்மா. கீரை, காய், தோலோட பழம், தவிடு நீக்காத மாவு. எடுத்த எடுப்புல நிறைய போட்டுடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும். கூடவே தண்ணி நல்லா குடிக்கணும், அது ரொம்ப முக்கியம்.”

தவிடு என்ற சொல் காதில் விழுந்ததுமே அவளுக்குப் பாதி நோய் தீர்ந்த மாதிரி இருந்தது. தவிட்டைப் பற்றி அவளுக்குச் சொல்லித்தர இந்த ஊரில் ஆள் இருக்கிறதா? தண்ணீர் விஷயத்தை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காய்ச்சல் என்று போனாலும் தண்ணீர் குடி என்பார்கள், தலைவலி என்று போனாலும் அதைத்தான் சொல்வார்கள். தவிட்டோடு தண்ணீர் சேர்ந்தால் என்ன ஆகும் என்று குழாயைக் குத்திக் குத்திக் கை காய்த்துப்போனவளுக்குத் தெரியாதா, நர்ஸுக்குத் தெரியுமா! அவர் தண்ணீர் குடிக்காத ஆள் என்பது ஒருவிதத்தில் நல்லதுதான் என்றுகூட அவள் நினைத்துக்கொண்டாள். காய்ந்தது தானாக ஓடிவிடும்.

முதலில் நேர்வழியில்தான் முயன்றாள். கீரையைக் கடைந்து வைத்தாள். “நான் என்ன ஆடா?” என்று தள்ளிவைத்தார். மொச்சைக்கொட்டைகளைக் குழம்பில் போட்டாள். பேசாமல் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டு விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டு மிச்சத்தைத் தின்றார். ஆப்பிளைத் தோலோடு நறுக்கி வைத்தால், கத்தியை எடுத்து வந்து துண்டு துண்டாகத் தோல் சீவினார். அப்படி ஒரு பொறுமை அவருக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

கடைசியில் வாய்விட்டே கேட்டாள்.

“ஏங்க, ரொட்டி மாவுல கொஞ்சம் தவிடு கலந்துக்கட்டுமா?”

“மாட்டுக்குப் போடுறதையா?”

“மாடு நல்லாத்தானே இருக்கு.”

“மாடு கிரேன் ஓட்டலடி. மேல இருக்கும்போது வயிறு இளகிடுச்சுன்னா நான் எங்க போவேன்? உன் கைவைத்தியத்தை எல்லாம் வேற யாருகிட்டயாவது வச்சுக்க. எனக்கு வேணாம்னா வேணாம்.”

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. அது அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் காலையில் கதவுக்குப் பின்னால் அவர் முக்கி முனகுவதும், கண் சிவந்து வெளியே வருவதும், சில நாள் ரத்தம் பட்ட துணியை மறைத்துப் போடுவதும் அவளுக்குத் தெரியும். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மில்லில் ஒரு பையில் தவிடு கேட்டு வாங்கி வந்தாள். வாணலியில் வறுத்து, மிக்ஸியில் நைஸாக அரைத்து, வெள்ளை மாவில் ஒரு கைப்பிடி கலந்தாள். பகலெல்லாம் மாவிலிருந்து தவிட்டைப் பிரித்தவள் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துப் பிசைந்தாள்.

“ரொட்டி வாசனையா இருக்கே இன்னிக்கு. என்ன பண்ணின?”

“மாவு புதுசுங்க.”

அவ்வளவுதான், ரகசியம் ஒன்று பிறந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. தும்மினால்கூட இவள் ஓடிப்போய்ச் சொல்கிற, பக்கத்துத் தெரு நாத்தனாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததில் அவளுக்கே வயிற்றை வலித்தது.

பலன் இருந்தது என்பதுதான் இதில் கொடுமை. கொஞ்ச நாளில் கதவு சீக்கிரம் திறக்க ஆரம்பித்தது. முனகல் போய்ப் பாட்டு வந்தது. ஒருநாள் காலையில் தலையைத் துவட்டிக்கொண்டே, “என்னன்னு தெரியல, உடம்பே லேசா இருக்கு” என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் அவள் ஜடையைப் பிடித்து இழுத்துவிட்டுப் போனார். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அப்படிச் செய்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள், கொஞ்சம் அழவும் செய்தாள்.

அப்புறம் கோடை வந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் வெயில் காய்ச்சி எடுத்தது. வேர்வையாகவே உடம்புத் தண்ணீர் எல்லாம் போயிற்று. கட்டடம் முடிகிற தறுவாயில் வேலையும் கூடுதல். ஒட்டகம் ஒட்டகமாகவே இருந்தது. காலையில் கதவு மறுபடி திறக்க மறுத்தது. அவள் என்ன நினைப்பாள்? தவிடு போதவில்லை என்று நினைத்தாள். ஒரு பிடி இரண்டானது. ரொட்டியில் மட்டும் போட்டது குழம்பிலும் விழுந்தது, கொத்துக்கறியிலும் விழுந்தது. நர்ஸ் சொன்ன ‘கொஞ்சம் கொஞ்சமா’ எங்கோ பறந்துவிட்டது.

அவருக்கு வயிறு உப்பிக்கொண்டது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். “வாயுதான், சரியாயிடும்” என்றார். சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைச் சுளித்தார். அப்போதாவது விட்டிருக்கலாம். அவள் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினாள்.

“வெறும் வயித்தோட மேல ஏறினா தலை சுத்துங்க. எனக்காக ஒரு வாய்.”

“வேணாம்டி, இறங்கல.”

“எனக்காக.”

அவளுக்காகத் தின்றார். தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் தின்றார். பின்னால் அவள் நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

மில்லுக்கு போன் வந்தது. கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டுகிற ஆள் பேசினார். “அக்கா, அண்ணன் மேல வாந்தி எடுத்துட்டாரு. எழுந்திரிக்க முடியல. ஆளுங்க ஏறிக் கட்டி இறக்கிட்டோம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம், நீங்க நேரா வந்துடுங்க.” தலையெல்லாம் மாவோடு அப்படியே ஓடினாள்.

ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியில் கிடந்தார். வயிறு மேடு தட்டியிருந்தது. படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, குடல் அடைத்திருக்கிறது, உடனே வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். “சமீபத்துல சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா? புதுசா எதுவும் சேர்த்தீங்களா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் படுத்தபடியே பதில் சொன்னார். பேச மூச்சில்லை, ஆனாலும் குரலில் பழைய பெருமை இருந்தது. “ஒண்ணும் இல்ல டாக்டர். எங்க வீட்டுச் சாப்பாடுதான். வேற எதையும் தொட மாட்டேன், கேட்டுப் பாருங்க.”

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். ஊர் வம்பெல்லாம் கொட்டுகிற வாய் அப்போது திறக்கவில்லை. அவர் சொன்னதைப் பொய்யாக்க அவளுக்கு நாக்கு எழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

உயிர் பிழைத்தார். குடலில் கொஞ்சம் வெட்ட வேண்டியதாயிற்று. வயிற்றில் ஒரு துளை வைத்து, மலம் இறங்க அதில் பையை மாட்டியிருந்தார்கள். கண் விழித்துப் பேசும் நிலைக்கு வந்ததும் டாக்டரம்மா கட்டிலருகே நின்று சொன்னார். “உள்ள ஒரு இடம் முன்னாடியே சுருங்கித்தான் இருந்திருக்கு. அதுல தவிடு மாதிரி ஒண்ணு வந்து சேர்ந்து சேர்ந்து, சிமெண்ட் மாதிரி இறுகிப்போயிருந்துச்சு. தவிடு சாப்பிடுறவங்க தண்ணி குடிக்கணும். தண்ணி இல்லாம அது நகராது.”

“தவிடா? நானா?” என்றார் அவர். டாக்டரம்மாவைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

நாத்தனாரும் அங்கேதான் நின்றாள். எல்லோர் முன்னாலும் சல்லடை சொல்லிவிட்டாள். வறுத்தது, அரைத்தது, கலந்தது, பிடியைக் கூட்டியது, காய்ந்தால் ஓடும் என்று நம்பியது, ஒன்று விடாமல் கொட்டினாள். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

“ஊருக்கெல்லாம் எல்லாத்தையும் சொல்லுவீங்களே அண்ணி,” என்றாள் நாத்தனார். “இதை மட்டும் சொல்லத் தோணலையா?”

அவர் திட்டவில்லை. கூரையைப் பார்த்தபடி, “சொல்லியிருந்தா தண்ணி குடிச்சிருப்பேனே” என்றார்.

குடித்திருக்க மாட்டார். சொல்லியிருந்தால் ரொட்டியையே தொட்டிருக்க மாட்டார், அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் வயிற்றில் பையோடு படுத்திருக்கிற ஆளிடம் அதை எப்படிச் சொல்ல? அவள் அந்தப் பழியை அப்படியே வாங்கிக்கொண்டாள்.

பையை மாட்டிக்கொண்டு கோபுரம் ஏற கம்பெனி விடவில்லை. வாசலில் லாரிகளுக்குக் கதவு திறந்துவிடும் வேலை கொடுத்தார்கள். நாற்காலி, குடை, தண்ணீர்க் குடம் எல்லாம் அங்கே உண்டு. இப்போது நன்றாகத் தண்ணீர் குடிக்கிறார். அவரை யாரும் ஒட்டகம் என்று கூப்பிடுவதில்லை. கிரேனைப் புது ஆள் ஓட்டுகிறான். இவர் அண்ணாந்து பார்ப்பதில்லை என்று சைகைக்காரர் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் நாள், சலித்த வெள்ளை மாவில் ரொட்டி சுட்டு வைத்தாள். இனி கொஞ்ச காலம் தவிடே கூடாது என்று டாக்டரம்மாவும் சொல்லியிருந்தார். அவர் ரொட்டியைப் பிய்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். தட்டில் திரும்ப வைத்தார். ‘இனிமே எனக்கு உன் கையால மட்டும்தான்’ என்று சொன்ன ஆள்.

“வெறும் மாவுதாங்க. நானே ரெண்டு தடவை சலிச்சேன்.”

“நீ சொல்ற” என்றார்.

சாயங்காலம் மெல்ல நடந்துபோய்க் கடையிலிருந்து பாக்கெட் ரொட்டி வாங்கி வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததை எல்லாம் கடைசி வரி வரை படித்துவிட்டுத் தின்றார். அன்றிலிருந்து அதுதான் நடக்கிறது. அவர் முன்னாலேயே மாவைப் பிசைந்து காட்டினாள். தான் முதலில் ஒரு வாய் தின்று காட்டினாள். “பசிக்கலம்மா, நீ சாப்பிடு” என்கிறார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. மில்லில் என்ன விசேஷம் என்று கேட்கிறார், அவளும் சொல்கிறாள், பழைய சுவாரசியம் இல்லாமல் சொல்கிறாள். ஒரு தட்டை வீசியெறிந்திருந்தால்கூட அவள் பொறுக்கியெடுத்துவிட்டு ஆறுதலாக மூச்சு விட்டிருப்பாள்.

ஒருநாள் அவர் கை கழுவி வருவதற்குள், தானாவது பரிமாறலாமே என்று அந்தப் பாக்கெட்டைப் பிரித்து, ரொட்டித் துண்டுகளைத் தட்டில் அழகாக அடுக்கி, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தாள். அவர் வந்து உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். கிழிந்த காகிதத்தைப் பார்த்தார்.

“யாரு பிரிச்சா?”

“நான்தாங்க.”

அவர் தண்ணீரை மட்டும் குடித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் வேறொரு பாக்கெட் வாங்கி வந்து, தானே பிரித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, “தூங்கு, நாளைக்கு உனக்குக் காலை ஷிப்டு” என்று அன்பாகத்தான் சொன்னார்.

மறுநாளிலிருந்து அவள் பாக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே தட்டில் வைத்து, பக்கத்தில் கத்தரிக்கோலையும் வைத்துவிடுகிறாள்.